ராகு காலத்து லைன்

ஆடி வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மருமகள் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு நாத்தனார் ஊருக்குத் தனியாகப் பஸ் ஏறினால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். கலைப்பிரியா விஷயத்தில் அது பாதி உண்மை. சண்டை இருந்தது. ஆனால் அவள் கிளம்பியது அதைத் தீர்க்க.

போன வாரம் விட்ட இடம் இதுதான். விழுப்புரத்தில் ஆன்லைன் சென்டர் நடத்தும் சங்கவி, "கடைய மூடிடறேன்டா" என்று திண்டிவனத்திலிருக்கும் தம்பி திருமுருகனுக்குப் போன் செய்தாள். தம்பியும் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், "சரிக்கா, வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி எடுத்துக்கினு வர்றேன். சாமான ஏத்திடலாம்" என்றுவிட்டான். அவன் மனைவி கலைப்பிரியாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

கடை ஓடாமல் இல்லை. சான்றிதழ், பட்டா, காலேஜ் விண்ணப்பம் என்று ஆள் வந்துகொண்டேதான் இருந்தது. இல்லாமல் போனது ஜெகதீசன்.

ஜெகதீசன் சங்கவியின் கணவர். கடையில் எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்த இன்டர்நெட் லைன் போனால் எதை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் கைவசம். தை மாதம் பெருமுக்கல்லில் நடந்த ஒரு காதுகுத்தில், பந்தியில் நாலு பேர் எதிரில் திருமுருகன் வாய் தவறினான். "மாமாவுக்கு இன்னா, அக்கா கடையில சம்பளம் வாங்காத வேலைக்காரரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். ஜெகதீசன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவினார். அன்றைக்குப் போனவர்தான். போன் நம்பரும் அணைந்துவிட்டது.

அதன் பிறகு லைன் போகும்போதெல்லாம் சங்கவி மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தாள். "லைன் இல்லைன்னு வர்றவங்ககிட்ட சொல்றப்பல்லாம், அவரு இல்லைன்னு சொல்ற மாதிரியே இருக்குது கலை" என்று ஒரு நாள் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அழவில்லை. அழுதிருந்தால் கூடக் கலைப்பிரியா தூங்கியிருப்பாள்.

கலைப்பிரியா வீட்டிலிருந்தபடியே ஒரு புதுச்சேரி கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவள். ஊருக்கெல்லாம் எழுதுகிறோம், நம் வீட்டுக்கு ஒன்று எழுதக் கூடாதா என்று உட்கார்ந்தாள். கடையில் இருக்கும் லைன்களைக் கம்ப்யூட்டர் திரையிலேயே பார்த்து மாற்றிக்கொள்ள ஒரு சின்ன கருவி. முதலில் எழுதியதில் இல்லாதது இல்லை. வரைபடம் ஓடும், எண்கள் மின்னும், ஒரு லைன் போனால் யாரையும் கேட்காமல் அதுவே அடுத்ததற்குத் தாவும்.

அந்தத் தாவல்தான் வினையானது. ஜூன் மாதம் யாரோ ஒருவரின் விண்ணப்பம் கடைசிப் பக்கத்தில் இருந்தபோது கருவி சத்தமில்லாமல் லைன் மாற்ற, எழுதியது மொத்தமும் காணாமல் போனது. வந்தவர் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அன்று முதல் சங்கவி தம்பி மனைவியோடு பேசவில்லை. போன வாரம் கலைப்பிரியாவே கெஞ்சி, "ஒரே ஒரு பகல் குடுங்க அண்ணி. அதுக்கப்புறம் மூடுங்க, நான் குறுக்க வரல" என்று வாங்கிய நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை.

மூடுவதா, வைத்திருப்பதா என்பது இன்று மத்தியானம் வண்டி வருவதற்குள் தெரிந்துவிடும்.

"வா" என்றாள் சங்கவி. நாற்காலியை நகர்த்திப் போட்டாள். டீ சொன்னாள். முகத்தை மட்டும் காட்டவில்லை.

கலைப்பிரியா கடைக் கம்ப்யூட்டரிலும் தன் லேப்டாப்பிலும் புதியதை ஏற்றினாள். வரைபடம் போயிருந்தது. எண்கள் போயிருந்தன. திரையில் மூன்றே வரி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. கீழே இரண்டே பொத்தான்: 'மாறு', 'இரு'.

"இவ்ளோதானா?" என்றாள் சங்கவி.

"இவ்ளோதான் அண்ணி. பச்சைன்னா லைன் இருக்குது. செவப்புன்னா இல்லை. தானா எதையும் மாத்தாது. உங்களக் கேக்கும். நீங்க சொன்னாதான் செய்யும்."

"அப்பவே அப்பிடி எழுதியிருக்கலாம் இல்ல?"

"தப்புதான் அண்ணி."

சட்டென்று ஒத்துக்கொண்டதும் சங்கவிக்கு மேலே திட்ட வழியில்லாமல் போயிற்று. திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "இதுக்குப் பேரெல்லாம் யாரு வச்சது? வாயில நுழையலையே."

"நீங்க வைங்க."

சங்கவி யோசித்தாள். தெருக் கம்பத்திலிருந்து வருவது கம்பத்து லைன். மாடியில் குடியிருக்கும் கட்டடக்காரர் சீனுவாசன் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது மாடி லைன். மூன்றாவது அவளுடைய செல்போனிலிருந்து கிடைக்கும் ஹாட்ஸ்பாட். அதற்கு 'என் போன்' என்று தட்டினாள். தட்டி முடித்ததும் அவள் உட்கார்ந்த விதமே மாறியது. தன் வீட்டு அலமாரியில் தானே சாமான் அடுக்கியவள் போலிருந்தாள்.

"வரி மேல அமுக்கினா அந்த லைன்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு வரும்" என்று கலைப்பிரியா அமுக்கிக் காட்டினாள். கம்பத்து லைனில் கடைக் கம்ப்யூட்டர்கள், பிரிண்டர், கடைசியில் 'டீக்கடை நடராசன் போன்'.

"அடப்பாவி!" சங்கவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லைன் ஸ்லோ ஆவுது, ஸ்லோ ஆவுதுன்னு நான் இங்க பேஜாரு பட்டுக்கினு கெடக்கறேன், இந்த ஆளு படம் பாத்துக்கினு இருக்கறாரா?"

"வீட்டு ஆளுங்க போனுக்கெல்லாம் நான் முன்னாடியே பேரு போட்டு வச்சிருக்கறேன் அண்ணி. யாரு வந்தாலும் பேரோட காட்டும்" என்ற கலைப்பிரியா, சிரிப்பு இருக்கும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். "அண்ணி, உங்க ஹாட்ஸ்பாட்ட ராத்திரி பகல் ஆன்லயே வச்சிருக்கீங்க. பேட்டரி போவுது. பாஸ்வேர்டும் அஞ்சு வருசமா அதேதான். அதையாவது மாத்திடலாமா?"

சங்கவியின் சிரிப்பு நின்றது. "அது கெடக்கட்டும் விடு."

எழுந்து பையை எடுத்தாள். உள்ளே எலுமிச்சம்பழம், நெய்க் குப்பி, திரி. வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் தெருக்கோடி ஈஸ்வரன் கோயில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போட ஆரம்பித்துப் பல வாரம் ஆகிறது. யாருக்காக என்று அவள் சொன்னதில்லை. கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

"கடையப் பாத்துக்கோ. போட்டுட்டு வந்துடறேன்" என்று செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

நம் கலைப்பிரியா படித்தவள், கருவி எழுதியவள். ஆனாலும் அந்தப் போன் பைக்குள் போனதைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க அண்ணி" என்றுதான் தலையாட்டினாள்.

சங்கவி தெருவைத் தாண்டியிருப்பாள். பூமாலையும் அவள் மகள் ஆரோக்கியசெல்வியும் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்கள். அனந்தபுரம் பக்கத்துக் கிராமம். செல்விக்கு நர்சிங் காலேஜில் சீட் வந்திருக்கிறது. அந்த சீட் வேண்டும் என்று இணையத்தில் உறுதி செய்தாக வேண்டும். இன்று மதியம் பன்னிரண்டு மணியோடு சரி.

"நேத்தே வந்திருக்கலாம் இல்லம்மா?" என்றாள் கலைப்பிரியா.

"நேத்துதான் மெசேஜே வந்துது தாயி. மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்கறதப் பாதியில போட்டுட்டு வந்துக்கிறேன்" என்றாள் பூமாலை. "எங்க வகையறாவுல நர்சுக்குப் படிக்கப் போறது இதுதான் மொத புள்ள. பாத்துப் பண்ணு."

கலைப்பிரியா தன் லேப்டாப்பிலேயே பக்கத்தைத் திறந்தாள். செல்வி விவரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். போட்டோ ஏறியது. மதிப்பெண் பட்டியல் ஏறியது. கடைசிப் பக்கம் வந்தபோது, தெருவில் மண் வாரும் எந்திரம் ஒரு பெரிய உறுமல் உறுமிவிட்டு நின்றது. வாய்க்கால் வேலைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த அது, கம்பத்துக் கேபிளை இழுத்து அறுத்துவிட்டிருந்தது.

திரையில் கம்பத்து லைனின் புள்ளி சிவந்தது. உடனே மாடி லைனின் புள்ளியும்.

"அய்யோ" என்றாள் கலைப்பிரியா.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கம்பத்து லைனும் சரி, மாடி லைனும் சரி, இரண்டும் ஒரே கம்பத்திலிருந்துதான் தொங்குகின்றன. மூன்று லைன் என்று மூன்று வரி எழுதியிருக்கிறாள். உண்மையில் இருப்பது இரண்டு. அதில் இரண்டாவது, துர்க்கைக்கு விளக்குப் போடக் கோயிலுக்குப் போயிருக்கிறது.

கருவி நாகரிகமாக எழுதிக் காட்டியது: 'என் போன்: அருகில் இல்லை.'

தன் போனை எடுத்தாள். பஸ்ஸில் வரும்போதே கடைசித் திருத்தங்களை ஏற்றி, அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிட்டிருந்தாள். மேற்கொண்டு டேட்டா போட ஒரு பக்கம் திறக்க வேண்டும். அது திறக்க டேட்டா வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பூமாலையின் கையில் இருந்ததோ பட்டன் போன். டீக்கடை நடராசன் வேறு எட்டிப் பார்த்து, "எனக்கும் லைன் போச்சும்மா" என்றார். உங்களுக்கு எந்த லைன் என்று கேட்க அது நேரமில்லை.

சங்கவிக்குக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலுக்குள் அவள் எடுக்க மாட்டாள்.

"இன்னாம்மா, ஆவுமா ஆவாதா?" பூமாலையின் குரல் கம்மியது. "இந்த வருசம் போனா, அடுத்த வருசம் இவ அப்பா படிக்க வுட மாட்டாரு தாயி."

செல்வி சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலைப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. அண்ணி திரும்பி வரும்போது மறுபடியும் கடை வாசலில் ஒருத்தி கத்திக்கொண்டிருப்பாள். அதைத் தொடர்ந்து வண்டி வரும். சாமான் ஏறும். இதற்குத்தானா இத்தனை நாள் உட்கார்ந்து எழுதினோம்?

லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கினாள்.

"நடராசண்ணே, கடையக் கொஞ்சம் பாத்துக்குங்க! செல்வி, வா. ஜல்தி!"

"எங்கக்கா?"

"லைன் எங்க இருக்குதோ அங்க."

திறந்த லேப்டாப்பை ஒரு கையில் தாங்கிப் பிடித்தபடி ஒருத்தி, சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்தபடி ஒருத்தி, பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூமாலை. மூவரும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தெருவே வழிவிட்டது.

கோயிலில் ஆடிக் கூட்டம். வாசலில் வரிசை தெரு வரைக்கும் வந்திருந்தது. உள்ளே போய் அண்ணியைத் தேடிப் போனை வாங்கி வருவதற்குள் பன்னிரண்டு தாண்டிவிடும். கலைப்பிரியா திகைத்து நின்றாள். பிறகு நினைவு வந்தது. துர்க்கை எந்தச் சிவன் கோயிலிலும் வடக்குப் பக்கம்தானே இருப்பாள்?

"இந்தப் பக்கம் வாங்க!"

வடக்கு மதிலை ஒட்டிய சந்தில் திரும்பினாள். வளையல்காரர், பொரி கடலை, எலுமிச்சம்பழக் கூறு. மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் பாடும் சத்தம் கேட்டது. திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அருகில் இல்லை. அருகில் இல்லை. பூக்காரி செண்பகத்தின் பலகையைத் தாண்டும்போது மூன்றாவது புள்ளி ஒரு தரம் சிமிட்டிவிட்டுப் பச்சையாக நின்றது.

'என் போன் கிடைத்தது. இதற்கு மாறலாமா?'

"அக்கா, பலகையக் கொஞ்சம் குடுங்க. ஒரு புள்ளையோட படிப்பு!"

செண்பகம் கதம்பத்தை ஒதுக்கி இடம் விட்டாள். லேப்டாப் பூவுக்கு நடுவில் உட்கார்ந்தது. கலைப்பிரியாவின் விரல் பொத்தானுக்குப் போய் நின்றது. ஜூன் மாதத்து ஞாபகம். மாறும்போது மறுபடியும் எல்லாம் அழிந்துபோனால்?

"நீ அமுக்கு செல்வி. உன் சீட்டு இது. அமுக்கலாமான்னு நீதான் சொல்லணும்."

செல்வி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். 'மாறு' என்பதை அமுக்கினாள்.

பக்கம் அப்படியே இருந்தது. ஒரு எழுத்துக்கூட அழியவில்லை. பூமாலையின் பட்டன் போன் கீச்சென்று கத்தியது. வந்த ஓ.டி.பி.யைச் செல்வி எண் எண்ணாகப் படிக்க, கலைப்பிரியா தட்டினாள். சக்கரம் சுற்றியது. மதிலுக்கு அப்பால் மணி அடித்தார்கள்.

'தங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.'

பூமாலை மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த செண்பகத்துக்கும் கண் கலங்கியது. ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிச் செல்வியின் தலையில் அவளே வைத்துவிட்டாள்.

"இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கற?"

திரும்பினால் சங்கவி. நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதம். மொத்தக் கதையையும் ஆளுக்கு ஒரு மூலையாகச் சொன்னார்கள். சங்கவி கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாள். பையைத் திறந்து தன் போனைப் பார்த்தாள்.

"அப்ப நான் வெளக்குப் போட்டுக்கினு இருந்தப்ப, என் போன் இங்க வேலை செஞ்சுக்கினு இருந்துதா?"

"ஆமா அண்ணி. உங்களக் கேக்காமத்தான். மன்னிச்சிடுங்க."

சங்கவி பிரசாதத்தைப் பிரித்துச் செல்வியின் வாயில் ஒரு வாய் ஊட்டினாள். "வெள்ளிக்கிழமை ராகு காலத்துல என் போனக் கணக்குல சேக்காதன்னு அதுல எழுதி வை. கடைக்குன்னு தனியா ஒரு சிம்மு வாங்கிப் போட்டுடலாம்."

கலைப்பிரியாவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் மனசு நிறைந்துபோயிற்று. மூடப்போகும் கடைக்கு யாராவது சிம் வாங்குவார்களா?

"அண்ணி! அப்ப கடை?"

"வாய மூடிக்கினு மொதல்ல இதக் காட்டு. என் போன்ல யாரு யாரு இருக்காங்கன்னு பாக்க எங்க அமுக்கணும்? இங்கதான?" சங்கவி தானே அமுக்கினாள்.

பட்டியல் விரிந்தது. இரண்டு பெயர்கள். முதலாவது, கலைப்பிரியாவின் லேப்டாப்.

இரண்டாவது: 'ஜெகா அண்ணன்'.

கருவியை முதலில் எழுதியபோது, முன்பு லைனில் சேர்ந்திருந்த வீட்டுப் போன்களுக்கெல்லாம் பெயர் போட்ட கலைப்பிரியா தன் கையால் வைத்த பெயர் அது. பக்கத்தில் பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. நம்பரை மாற்றியவர் போனை மாற்றவில்லை. பழகிய பாஸ்வேர்டு. கிட்டே வந்தால் போதும், அந்தப் போன் தானே ஒட்டிக்கொள்ளும்.

அது கெடக்கட்டும் விடு என்று அண்ணி ஏன் சொன்னாள் என்பது அப்போதுதான் கலைப்பிரியாவுக்கு விளங்கியது. ஆறு மாதமாக ராத்திரி பகல் அணைக்காமல் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்திருக்கிறாள்.

சங்கவி அந்தப் பெயரையே பார்த்தாள்.

"எங்க இருக்கறாரு?" கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ளயா, வெளியவா?"

"அது தெரியாது அண்ணி. கிட்டத்துல இருக்கறாரு. அவ்ளோதான் இதுக்குத் தெரியும்."

"போதும்." சங்கவி போனைக் கலைப்பிரியாவின் கையில் திணித்தாள். "இத எடுத்துக்கினு நீ எங்கயும் நகராத. லைன் அறுந்துடப் போவுது."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனவள், மதில் திரும்பும் இடத்தில் மறைந்தாள். கலைப்பிரியா புள்ளியைப் பார்த்தாள். பச்சையாகவே இருந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'தம்பி' என்று வந்தது. திருமுருகன்.

"அக்கா, வண்டியோட வந்துட்டேன். கடைத் தெருவுல பள்ளம் தோண்டி வச்சிருக்கறானுங்க. கோயிலைச் சுத்திக்கினு வந்தேன். வடக்குச் சந்துகிட்ட நிக்கிறேன்."

கலைப்பிரியாவுக்குத் திக்கென்றது. சங்கவி போன திசையும் அதுதான். இத்தனை மாதம் கழித்துக் கிட்டே வந்தவர் முதலில் பார்ப்பது, சாமான் ஏற்ற வந்த மச்சினனையா?

"நான் கலை பேசறேங்க. வண்டிய அங்கயே நிறுத்திடுங்க. நீங்க மட்டும் எறங்கி நடந்து வாங்க."

"ஏன்? இன்னா ஆச்சு? அக்கா எங்க?"

"ஜெகா அண்ணன் இங்கதான் எங்கயோ இருக்கறாரு." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பெருமுக்கல்லுல நாலு பேரு எதிர்ல ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதத் திரும்ப எடுத்துக்கறதா இருந்தா வாங்க. இங்கயும் நாலு பேரு இருக்காங்க. இல்லைன்னா அப்பிடியே திண்டிவனத்துக்குப் போயிடுங்க."

புருஷனிடம் இப்படி அவள் பேசியதே இல்லை. மறுமுனையில் வண்டியின் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு எஞ்சின் நின்றது. வண்டியின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.